கிளாட்வினின் கொடுவாக் கூண்டு

தோமையார்துறைக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அவருடைய பெயர் சவேரியார் கிளாட்வின் பர்னாந்து என்று இருக்கிறது. பிறந்தது 1981 மே 17. ரேஷன் அட்டையில் மே 27 என்றும் மீனவர் அட்டையில் 1983 என்றும் இருப்பவை எழுதியவர்கள் செய்த பிழை. ஊரில் யாரும் அவரை இந்தத் தேதிகளைக் கொண்டு அறிந்ததில்லை. சங்கு குளிக்கிற கிளாட்வின் என்று கேட்டால், தெற்கே தருவைகுளம் வரைக்கும் வீட்டுக்கு வழி சொல்வார்கள்.

பத்தொன்பது வயதில் கடலுக்கடியில் இறங்கத் தொடங்கியவர். கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு எட்டுப் பாகம், ஒன்பது பாகம் ஆழத்துக்குப் போய்விடுவார். இரு கைகளையும் விரித்தால் எவ்வளவு நீளமோ அதுதான் ஒரு பாகம். ஒன்பது பாகம் என்றால் தலைக்கு மேல் ஒரு முழுப் பனைமரத்தின் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று பொருள். கலங்கிய நீரில் கண் தெரியாதபோதும் உள்ளங்காலால் துழாவியே மணலுக்குள் புதைந்த சங்கை எடுத்துவிடுவார் என்பது அவரைப் பற்றி ஊர் பேசிய பெருமை.

2021 பிப்ரவரி 11, வியாழக்கிழமை, அந்தப் பெருமை முடிந்தது. வள்ளத்தின் இன்ஜின் திடீரென்று நின்றுபோக, கீழே இருந்தவருக்குக் காற்று வரவில்லை. ஒரே மூச்சில் மேலே வந்தார். நிதானமாக ஏறி வர வேண்டிய ஆழத்திலிருந்து அப்படி வரக்கூடாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் மூச்சு காத்திருக்கவில்லை. வள்ளத்தில் உட்கார்ந்து ஒரு பீடி பற்றவைத்தார். பீடி பாதி தீர்வதற்குள் இடுப்புக்குக் கீழே உள்ளதெல்லாம் வேறு யாருடையதோ ஆகிவிட்டது. பக்கத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த மூன்று ஊர் வள்ளங்கள் விரித்த வலைகளைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்து அவர் வள்ளத்தை இழுத்துக் கரை சேர்த்தன. அவற்றில் ஒன்று தொம்மை மிக்கேலுடையது. அன்று எழுபத்தாறு வயதான அந்தப் பெரியவர் தூத்துக்குடி ஆஸ்பத்திரி வரையில் வேனுக்குள் கிளாட்வினின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார்.

நாற்பது நாள் கழித்துக் கால் திரும்பியது. இடது கால் மட்டும் முழுவதும் திரும்பவில்லை. இனி நாலைந்து பாகத்துக்குக் கீழே போனால் அடுத்த தடவை காலோடு நிற்காது என்று டாக்டர் சொன்னதை அவர் மனைவி ரெஜினாள் கேட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே கணவரை வீட்டுக்குள் விடாமல் நேராகக் கோயிலுக்கு அழைத்துப் போய், இனிச் சங்குக்குப் போவதில்லை என்று பீடத்துக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல வைத்தார். சொல்லிவிட்டு வெளியே வந்த கிளாட்வின், "இனி என்னத்தளா செய்ய?" என்று கேட்டார். "அத மாதா பாத்துக்கிடுவா" என்றார் ரெஜினாள்.

அடுத்த இரண்டு வருஷம் அவர் பிறர் வலைகளில் கிழிசல் பொத்தினார். ஏலக்கூடத்தில் மீன் எடை போட்டார். ரெஜினாள் கருவாடு விற்றார். 2023 ஜனவரியில், அரசுத் திட்டமொன்றில் மிதவைக் கூண்டு வந்தது. கறுப்புக் குழாய்களை வளைத்துச் செய்த பெரிய வட்டம், அதிலிருந்து தொங்கும் இரட்டை வலை, அடியில் நாலு திசைக்கும் நங்கூரம். உள்ளே கொடுவாக் குஞ்சுகளை விட்டு, தீனி போட்டு, ஒன்பது மாதம் வளர்த்து, கிலோ எடைக்கு வந்ததும் விற்பது. கரையிலிருந்து அரை மைலில், நாலு பாகம் தண்ணீரில் கூண்டு கிடக்கும். வலையின் அடி இரண்டு பாகம். அந்த ஆழத்துக்கு அவர் தாராளமாகப் போகலாம்.

கூண்டுக்கு ஊர்க் கடலில் இடம் வேண்டும். அதற்காக ஜனவரி 22, ஞாயிறு, பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் ஊர்க்கூட்டம் நடந்தது. கமிட்டித் தலைவர் கஸ்பார், ரெஜினாளின் தாய்மாமன் முறை. நண்டுவலைக்காரரான ரொசாரி முதலில் வாயைத் திறந்தார்.

"ஏலே கிளாட்வின், கடல்ல கோழிப்பண்ணையா வைக்கப் போற? முட்ட எப்பம் விடும்?"

"விட்டதும் ஒனக்குத்தாம்லே மொத ஆம்லெட்டு" என்றார் கிளாட்வின். கூட்டம் சிரித்தது.

ரொசாரி விடவில்லை. "சிரிப்பு கெடக்கட்டும் மாமா. தொழில் இல்லன்னா அவனுக்கு ஊர்க் கடல்ல எடம் எதுக்கு? தொழில்னா ஊர்க்கட்டு அவனுக்கும் உண்டும்லா? நாங்க வள்ளத்த ஏத்திப் போட்டுட்டு இருக்க அன்னைக்கு அவன் மட்டும் வாளியத் தூக்கிட்டுப் போயிட்டும் வந்துட்டும் இருந்தா எப்படி?"

கேள்வியில் நியாயம் இருந்தது. ஊர்க்கட்டு என்று அவர் சொன்னவை மூன்று: ஞாயிற்றுக்கிழமை, பெரிய வெள்ளி, ஊரில் சாவு விழுந்த நாள். சாவு மணி அடித்தால் அடக்கம் முடியும் வரை எந்த வள்ளமும் கடலில் இறங்கக்கூடாது. மீறியவன் வீட்டுச் சாவுக்கு ஊர் வராது. அப்படி ஒரு தண்டனை அந்த ஊரில் யாருக்கும் கொடுக்கப்பட்டதாகத் தகவல் இல்லை. கொடுக்கத் தேவை ஏற்படவில்லை.

"ரெண்டுல ஒண்ணு சொல்லு கிளாட்வின்" என்றார் கஸ்பார். "இது தொழிலா, வளப்பா?"

வளர்ப்பு என்று அவர் சொல்லியிருக்கலாம். இடத்துக்குக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்திருக்கும்; கஸ்பார் எப்படியாவது முடித்துக் கொடுத்திருப்பார். ஆனால் இரண்டு வருஷமாக அடுத்தவர் வலைக்கு ஊசி பிடித்த மனிதருக்கு, கோழி என்ற சொல் உள்ளே போய்த் தைத்திருந்தது. எழுந்து நின்று, "தொழில்தான் மாமா. நான் ஒண்ணும் கோழி மேய்க்கல. நானும் கடல்காரன்தான். மத்தவங்களுக்கு உள்ள கட்டு எனக்கும் உண்டு" என்றார். கமிட்டி நோட்டில் அப்படியே எழுதினார்கள்: கூண்டு தொழிலே; தொழிலுக்குரிய கட்டு யாவும் அதற்கும் பொருந்தும். கீழே கிளாட்வினின் கையெழுத்து இருக்கிறது. வழக்கமாகக் கிளாட்வின் என்று மட்டும் போடுகிறவர், அன்று முழுப்பெயரையும் போட்டிருக்கிறார்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஆயிரத்து இருநூறு குஞ்சுகள் கூண்டுக்குள் விடப்பட்டன. ரெஜினாளின் தம்பி ஜோன்ஸ் துணைக்கு வந்தான். இருபத்தொன்பது வயது, துறைமுகத்தில் ஒப்பந்த வேலை போனபின் சும்மா இருந்தவன். காலையும் மாலையும் சாளை மீனை நறுக்கிப் போடுவது அவன் வேலை. வலையில் ஒட்டும் பாசியையும் கொட்டலசுச் சிப்பியையும் மூழ்கிச் சுரண்டுவது கிளாட்வினின் வேலை. சுரண்டாவிட்டால் வலைக்கண் அடைத்துக்கொள்ளும். உள்ளே நீர் மாறாது. வாரம் இரண்டு நாள் அவர் தண்ணீருக்குள் இருந்தார். ஏறி வரும்போது அவர் முகம் பழைய முகமாக இருந்தது என்று ரெஜினாள் சொல்வதுண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் மீனுக்குத் தீனி கிடையாது. "எங்க மீனும் வேதக்காரங்கதாம்லே. ஞாயித்துக்கெழம ஒருசந்தி" என்பார் கிளாட்வின். வாரத்தில் ஒருநாள் பட்டினி போட்டால் கொடுவாவுக்குக் கெடுதல் இல்லை என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பெரிய வெள்ளிக்கும் அப்படியே. மே மாதம் ஊரில் ஒரு சாவு. காலையில் மணி அடித்து மாலையில் அடக்கம் முடிந்தது. மறுநாள் காலை மீன்கள் வள்ளத்தின் சத்தம் கேட்டதும் வழக்கத்தைவிட வேகமாக மேலே துள்ளின. அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கட்டு கூண்டை ஒன்றும் செய்யாது என்று எல்லாரும் நம்பினார்கள்.

செப்டம்பர் நடுவில் தொள்ளாயிரத்து நாற்பது மீன்கள் இருந்தன. சராசரி எழுநூறு, எழுநூற்றைம்பது கிராம். தூத்துக்குடியிலிருந்து வந்து பார்த்த ஏற்றுமதி வியாபாரி அக்டோபர் இரண்டாம் வாரம் எடுத்துக்கொள்கிறேன் என்று கைகொடுத்துவிட்டுப் போனார். அந்த விற்பனையில் இரண்டாவது கூண்டு போடலாம். இரண்டு கூண்டு இருந்தால் வீடு நடக்கும். வீடு நடந்தால் சங்குப் பருவம் தொடங்கும்போது யாருடைய போனையும் கிளாட்வின் எடுக்க வேண்டியதில்லை. இதற்கு மேல் அவர்கள் எதையும் கேட்கவில்லை.

செப்டம்பர் 19, செவ்வாய், காலை ஆறு மணி பத்து நிமிஷத்துக்குத் தொம்மை மிக்கேல் காலமானார். எழுபத்தெட்டு வயது, இரண்டு வாரமாகப் படுக்கை. மணி அடித்தபோது கடலில் இருந்த வள்ளங்கள் திரும்பிவிட்டன. முதலில் அந்த வீட்டுக்குப் போனவர்களில் கிளாட்வினும் ஒருவர். பந்தல் போட்டார், நாற்காலி இறக்கினார், கல்லறையில் குழி வெட்ட ஆள் சொல்லிவிட்டார்.

இறந்தவரின் ஒரே மகன் சேவியர் மஸ்கட்டில் இழுவைக் கப்பலில் வேலை பார்க்கிறார். அவர் வந்து சேராமல் அடக்கம் இல்லை என்று மகள் மெட்டில்டா சொன்னார். வியாழக்கிழமை காலை பத்து மணி என்று முடிவாயிற்று. தூத்துக்குடியிலிருந்து பிரீசர் பெட்டி வந்தது. ஊர்க்கட்டை ஏற்படுத்தியவர்கள் காலத்தில் காலையில் இறந்தவரை அன்று மாலைக்கு மேல் வைத்திருக்க முடியாது. அடக்கம் முடியும் வரை என்பதற்கு ஒரு பகல் என்றே பொருள். பெட்டி வந்ததும் அந்தப் பகல் மூன்று நாளாயிற்று. இதை அப்போது யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஜோன்ஸ் பந்தலுக்குள் வந்து, கிளாட்வினின் காதோடு சொன்னான்.

"அத்தான், கொஞ்சம் கரைக்கு வாங்க. தண்ணி பச்சையா கெடக்கு."

கரையில் நின்று பார்த்தபோது கடல் கடலாக இல்லை. வெந்தயக்கீரையை அரைத்துக் கரைத்தது போல் பச்சை. முந்தின வாரம் வரை மேற்கிலிருந்து அடித்த கச்சான் காற்று நின்றிருந்தது. அலை கூட இல்லை. பூங்கோரை. சில வருஷங்களில் இந்த மாதத்தில் வரும். நுண்ணிய பாசி பெருகி, நீரிலுள்ள காற்றையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். கடல்மீன் விலகி ஓடிவிடும்; வலைக்காரர் நாலு நாள் வேறு பக்கம் போவார்கள். அதற்கு மேல் அதை யாரும் பொருட்படுத்தியதில்லை. ஆனால் கூண்டுமீன் எங்கே ஓடும்?

செய்ய வேண்டியது என்ன என்பதில் சந்தேகமே இல்லை. நங்கூரக் கயிறுகளை அவிழ்த்து, இரண்டு வள்ளங்கள் சேர்ந்து கூண்டை மெதுவாகத் தென்கிழக்கே தெளிந்த நீருக்கு இழுத்துப் போக வேண்டும். மூன்று மணி நேர வேலை. மீன்வளத் துறை ஆய்வாளரைப் போனில் கூப்பிட்டபோது அவரும் அதையே சொன்னார். "உடனே ஷிப்ட் பண்ணுங்க. தீவனத்தை நிறுத்துங்க. லேட் பண்ணாதீங்க." அந்த அறிவுரையில் ஒரு குறையும் இல்லை.

கிளாட்வின் முதலில் துக்க வீட்டுக்குப் போனார். மெட்டில்டா பெட்டிக்கு அருகில் உட்கார்ந்திருந்தார். விஷயம் ஏற்கெனவே காதுக்கு வந்திருந்ததால், கிளாட்வின் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்: "போங்க அண்ணே. அப்பா இருந்தா அவுகளே வள்ளத்தத் தள்ளி விட்டிருப்பாவ."

அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு அவர் கஸ்பாரிடம் வந்தார். கமிட்டியில் ஐந்து பேர்; ஐவரும் பந்தலின் ஓரத்திலேயே கூடினார்கள். முதலில் பேசியவர் கஸ்பார்.

"மெட்டில்டா சொன்னா சரியாயிருமா கிளாட்வின்? இந்தக் கட்டு செத்தவருக்கு இல்லலே, ஊருக்கு. இன்னைக்கு ஒன் மீனுக்காவ விட்டுட்டு, நாளைக்குக் கணவாய் அள்ளுத சீசன்ல ஒரு சாவு விழுந்தா நான் எவன நிறுத்த? எவன் நிப்பான்?"

"மாமா, நான் பிடிக்கப் போவல. இழுத்துக் கட்டத்தான் போறேன்."

"தொழில்னு எழுதிக் குடுத்தது நீதானலே."

இதைச் சொன்னவர் ரொசாரி. ஆனால் குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அவருக்கும் சங்கடமாக இருந்தது.

கஸ்பார் கடைசியில் ஒரு வழி சொன்னார். "ஒண்ணு செய்யலாம். வள்ளம் எறங்கக் கூடாது. நீந்திப் போறவன ஊர் ஒண்ணும் சொல்லாது. நீந்திப் போயி வலைய அறுத்து மீன வெளிய விடு. பிடிக்கதுதான் தொழில். விடுதது தொழில் இல்ல. அதுக்கு எவனும் குறுக்க நிக்க மாட்டான். என்னப்பா?" மற்ற நால்வரும் தலையசைத்தார்கள். உண்மையாகவே உதவி செய்துவிட்டோம் என்ற ஆறுதல் அவர்கள் முகத்தில் தெரிந்தது.

கிளாட்வின் இன்னொரு வழியும் பார்த்தார். வடக்கே அடுத்த ஊரில் மாரிராஜ் இருக்கிறார். இரண்டு வள்ளம் வைத்திருப்பவர். வேறு ஊர், வேறு சாமி. தோமையார்துறைக் கட்டு அவரைக் கட்டாது. போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாரிராஜ் சொன்னார்: "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. எங்க ஊர்லயும் இதே கட்டுதான். ஒங்க ஊர்ல பொணம் கெடக்கயில என் வள்ளம் அந்தத் தண்ணியில வந்து நின்னா, நாளைக்கு எங்க வீட்டுல ஒண்ணுன்னா ஒங்க ஆளுவ சும்மா இருப்பாவளா? கடக்கரை பூரா தெரிஞ்சு போவும். அடக்கம் முடிஞ்ச மறு நிமிசம் ரெண்டு வள்ளத்தோட வந்து நிக்கேன். சத்தியம்."

ஆக, பகல் பதினொரு மணிக்கு அவர் கையில் மிஞ்சியது ஒரு கத்தி. இடது கால் உதைக்காது என்பதால் மார்பில் ஒரு தெர்மாகோல் துண்டைக் கட்டிக்கொண்டார். கரையில் நின்ற ரெஜினாள் தம்பியைப் பார்த்து, "ஏலே, அத்தான விட்டுட்டு முன்னால போயிராத" என்று மட்டும் சொன்னார். இருவரும் பச்சை நீருக்குள் இறங்கி நீந்தினார்கள். துக்க வீட்டுக்கு வந்திருந்த ஆண்கள் பாதிப்பேர் கரையில் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

கூண்டின் குழாயைப் பிடித்து ஏறி உட்கார்ந்தபோது மீன்கள் எல்லாம் மேலேதான் இருந்தன. வாயைத் திறந்து திறந்து மூடின. ஆளைக் கண்டதும் தீனி என்று எண்ணி அவர் உட்கார்ந்திருந்த பக்கம் திரண்டு வந்தன. ஒன்றும் சாகவில்லை. கிளாட்வின் ஒவ்வொன்றாகக் கண்ணால் தேடிப் பார்த்தார். ஒன்று கூட மல்லாக்கக் கிடக்கவில்லை.

வெளிவலையில் கத்தியை வைத்து ஒரு முழம் கிழித்தார். பிறகு உள்வலையைக் கையில் திரட்டிப் பிடித்தார். அறுக்கவில்லை.

"அறுங்க அத்தான்" என்றான் ஜோன்ஸ்.

"பொறு."

"என்னத்தப் பொறுக்க? மூச்சு எடுக்குதத பாத்தியளா?"

"உசுரோடதானலே இருக்கு. நாளைக்குப் பத்து மணி. பத்தரைக்கு மாரிராஜ் வந்துருவான். இன்னும் ஒரு நாள் கூட இல்லடே."

"அத்தான்..."

"இத அறுத்தா எனக்கு வேற என்ன இருக்குன்னு சொல்லு. சொல்லு, அறுக்கேன்."

கிளாட்வின் முகத்தைத் திருப்பி வடக்கே பார்த்தார். "வாடை தட்டுது. கன்னத்துல படுது பாரு. காத்து திரும்பிட்டா தண்ணி கலஞ்சிரும்."

அந்தக் காற்றைப் பற்றி இன்றைக்கும் இருவரும் ஒரே மாதிரி சொல்வதில்லை. காற்றே இல்லை என்கிறான் ஜோன்ஸ். இருந்தது, கொஞ்சம்தான், ஆனால் இருந்தது என்கிறார் கிளாட்வின். எப்படியிருந்தாலும் அவர் கத்தியை மடக்கினார். கிழித்த வெளிவலையை நைலான் நரம்பால் தைத்துக் கட்டினார். அதற்கு அரைமணி நேரம் ஆயிற்று. திரும்பும்போது இடது கால் பாதி வழியில் மரத்துவிட, ஜோன்ஸ் அவரை இழுத்துக்கொண்டு கரை சேர்ந்தான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குச் சேவியரிடமிருந்து போன் வந்தது. விமானம் தாமதமாகி அப்போதுதான் திருவனந்தபுரத்தில் இறங்கியிருந்தார். இன்னும் விமான நிலையத்தை விட்டு வெளியே வரவில்லை. பத்து மணி என்பது இரண்டரை ஆயிற்று. அதற்கு முன்பே, விடிந்து சூரியன் ஏறும்போதே, கரையிலிருந்தவர்களுக்குக் கூண்டின் வட்டத்துக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. யாரும் அதைக் கிளாட்வினிடம் சொல்லவில்லை. அவர் கடல் பக்கம் திரும்பாமல் பந்தலில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு இருபதுக்குச் சேவியர் வந்தார். பூசை முடிந்து பெட்டி எடுக்கும்போது மூன்றே முக்கால். தூக்கியவர்கள் ஆறு பேர். இடது பக்கம் நடுவில் கிளாட்வின். அவருடைய காலைக் காரணம் சொல்லி வேறொருவர் மாற்றிக்கொள்ள வந்தபோது அவர் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கல்லறை கடலை ஒட்டி இருக்கிறது. குழிக்குப் பக்கத்தில் நின்றால் கூண்டு தெரியும். நாலு முப்பத்தைந்துக்கு மண் போட்டு முடித்தார்கள். சொன்ன சொல் தவறாமல் மாரிராஜ் இரண்டு வள்ளங்களோடு எல்லைக்கு வெளியே காத்திருந்தார். மணி அடித்து முடிந்ததும் உள்ளே வந்தார். ஊர் வள்ளங்களும் ஏழு இறங்கின.

போய்ச் சேர்ந்தபோது இழுப்பதற்கு ஒன்றும் இல்லை. கொடுவாக்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வெள்ளை வயிற்றைக் காட்டிக் கிடந்தன. இருபத்திரண்டு மீன்களுக்கு மட்டும் செவுள் அசைந்தது. அவற்றைக் கிளாட்வின் இரு கையாலும் ஒவ்வொன்றாக அள்ளி வெளியே விட்டார். எத்தனை பிழைத்தன என்று தெரியாது.

மறுநாள் கரையில் குழி வெட்டிச் செத்த மீன்களைப் புதைத்தார்கள். முதல் மண்வெட்டியோடு வந்தவர் ரொசாரி. சேவியர் துக்க வேட்டியோடு கூடை சுமந்தார். கஸ்பார் சுண்ணாம்பு தூவினார். ஊர் முழுக்க வந்து உழைத்தது. மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. கிளாட்வினுக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. ஆனால் வந்திருந்தவர்களில் கோபப்படத் தகுந்த ஆள் ஒருவரும் இல்லை.

"புதன்கெழமையே அறுத்து விட்டிருக்கலாம்" என்று கூட்டத்தில் யாரோ மெல்லச் சொன்னார்கள். "சும்மா கெடளா" என்று ரெஜினாள் அந்தப் பெண்ணை அடக்கினார். வீட்டுக்கு வந்தபின் ஏன் அறுக்கவில்லை என்று அவரும் ஒருமுறை கேட்டார், ஒரே ஒருமுறை. "எனக்குத் தெரியல ரெஜினா" என்றார் கிளாட்வின்.

அக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை, கமிட்டி கூடி ஒரு திருத்தம் எழுதியது. இனி மிதவைக் கூண்டு தொழிலாகக் கருதப்படாது. சாவு நாளிலும் அதைப் பராமரிக்க ஒரு வள்ளம் போகலாம். எழுதிவிட்டுக் கஸ்பார் கேட்டார், "சரிதானலே?"

"சரிதான் மாமா" என்றார் கிளாட்வின். அப்போது ஊர்க் கடலில் வேறு கூண்டு எதுவும் கிடையாது. திட்டத்தில் ஒருவருக்கு ஒருமுறைதான் உதவி. குஞ்சும் தீனியும் இனிச் சொந்தக் கையிலிருந்து வர வேண்டும். வெறும் கூண்டைக் கரைக்கு இழுத்து வந்து பனைமரங்களுக்கு நடுவே போட்டிருந்தார்கள்.

அக்டோபர் கடைசியில் தூத்துக்குடியிலிருந்து சங்கு வியாபாரி நயினார் போன் செய்தார். "கிளாட்வின், ரெண்டு ஆள் கொறையுது. ஒங்கள மாதிரி காலால தடவி எடுக்கிற ஆள் எனக்கு இன்னும் கெடைக்கல. வாரீயளா?" பிறகு கூப்பிடுகிறேன் என்று கிளாட்வின் போனை வைத்தார். இரண்டு நாள் அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை. மூன்றாம் நாள் பூசைக்குப் போன ரெஜினாள் சாமியாரைப் பார்த்து, ஒருவர் சொன்ன நேர்ச்சையை இன்னொருவர் கேட்டு அவிழ்க்க முடியுமா என்று விசாரித்தார். காரணத்தைக் கேட்ட சாமியார், சொல்ல வைத்தவரே மனமொப்பி விட்டுக்கொடுத்தால் அது பாவமாகாது என்றார். ரெஜினாள் வீட்டுக்கு வந்து, "நயினாருக்குப் போன் போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

நவம்பர் 6, திங்கள், காலை ஐந்தரை மணிக்குக் கிளாட்வின் கிளம்பினார். ரெஜினாள் தூக்குச்சட்டியைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றார்.

"எத்தன பாகம் எறங்கணும்?"

"அஞ்சுக்குள்ளதான். கரையோரப் பாறைத் திட்டுதான்."

"அஞ்சுன்னா அஞ்சுதானே?"

"அஞ்சுதாம்ளா. கதவப் போட்டுட்டுப் படு, குளிருது."

ரெஜினாள் கதவைச் சாத்தவில்லை. அவருக்கும் கணக்குத் தெரியும். ஐந்து பாகத்துக்குள் இருந்த சங்கையெல்லாம் எடுத்து வருஷக்கணக்கு ஆகிறது என்பதை ஊரில் அறியாதவர் இல்லை. அன்று நயினாரின் வள்ளம் நங்கூரமிட்ட இடத்தில் ஆழம் ஒன்பது பாகம்.